ரஹீமாக்கா கொட்டிய டீ

வெந்த ரப்பர் வாசனை... திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என் முதல் கம்பெனியை நினைத்தாலே மூக்கில் ஏறுவது அதுதான். சட்டையை எத்தனை தடவை அலசினாலும் போகாது.

அங்கே நான் சிஸ்டம் அட்மின். இருந்ததே ஐந்து கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் லினக்ஸ். தரம் பார்க்கும் க்யூசி ரூமில் இருந்தது படுகிழம். ஆன் பண்ணிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். எனக்கோ ஒரு நிமிடம் சும்மா உட்கார வராது. சிக்னலில் நிற்கும்போதே கால் ஆடும்.

ஒருநாள் சாயங்காலம், அதை வேகமாக்குகிறேன் பேர்வழி என்று வேண்டாத புரோகிராமை எல்லாம் தூக்க ஆரம்பித்தேன். மெஷினில் என்னென்ன செருகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் ஒரு சர்வீஸ் இருந்தது. அதே கீபோர்டு, அதே மவுஸ்... இதைத் தினமும் பார்த்துச் சொல்ல ஒரு ஆளா?

திரையைக் காட்டும் டிஸ்ப்ளே சர்வர் இதை நம்பித்தான் இருக்கிறது என்று எச்சரிக்கை வந்தது. பாதிதான் படித்தேன். பரவாயில்லை, நீக்கு என்று அழுத்திவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே கொஞ்ச நேரம் கழித்து, க்யூசி பார்க்கும் ரஹீமாக்கா கீபோர்டில் டீயைக் கொட்டிவிட்டார். நாலே சொட்டு. துப்பட்டாவால் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலை ஆன் பண்ணினால், திரை பளிச்சென்று வருகிறது. கீபோர்டு செத்துக் கிடக்கிறது.

அன்று ரஹீமாக்காவுக்கு இரண்டு மணிக்கு அம்பத்தூரில் இன்டர்வியூ. பெரிய கம்பெனி லேப்... பூந்தமல்லியில் வீட்டுப் பக்கத்திலேயே கம்பெனி பஸ் நிற்கும். என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிகளுக்கு லேபிள் அடித்து லாரியை அனுப்பிவிட்டால் பன்னிரண்டு மணிக்குக் கிளம்ப பர்மிஷன்.

ஸ்டோர்ஸிலிருந்து வேறு கீபோர்டு கொண்டுவந்து மாட்டினேன். ம்ஹூம். இன்னொன்று. அதுவும் இல்லை.

"இன்னாப்பா, மவுசும் ஆட மாட்டேங்குது? நேத்து நான் ஊத்துன டீ உள்ள எறங்கிட்ச்சா?"

வாசலில் சூப்பர்வைசர் தலை. "லாரி நின்னுகினு கீது, இன்னா பண்ணிகினு கீறீங்க ரெண்டு பேரும்?"

ரஹீமாக்கா கடிகாரத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். பதினொன்றரைக்குத்தான் அந்தப் பாதி படித்த எச்சரிக்கை எனக்கு உறைத்தது. கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் அது இருக்கிறது என்று டிஸ்ப்ளே சர்வருக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த ஆளைத் தூக்கியது நான்.

ஆபீஸ் ரூமுக்கு ஓடினேன். அங்கிருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நெட்வொர்க் வழியாக க்யூசி கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, நீக்கியதைத் திரும்பப் போட்டேன். டவுன்லோடு ஊர்ந்தது... ஊர்ந்துகொண்டே இருந்தது...

கடைசி லேபிள் வெளியே வந்தபோது மணி ஒன்றரை. பூந்தமல்லி போய் பஸ் மாறி எப்போது அம்பத்தூர் சேர்வது? மாட்டியிருந்த ஹேண்ட்பேக்கை ரஹீமாக்கா மறுபடி டிராயரில் வைத்தார்.

"உடுப்பா. என் கைதான் சும்மா இல்ல. உன்னியும் சேத்து அலைய உட்டுட்டேன். மனசுல வச்சுக்காத."

அப்போதே சொல்லியிருக்கலாம்.

"பரவால்லக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் டேபிளில் டீ வைக்கவே இல்லை. வெளியே வராந்தாவில் நின்று, அவசர அவசரமாகக் குடித்துவிட்டு வருவார். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆறு மாதத்தில் வேறு வேலை கிடைத்து நான் கிளம்பிவிட்டேன்.

இப்போதெல்லாம் கண் சிமிட்டுவதற்குள் கம்ப்யூட்டர் ஆன் ஆகி வந்துவிடுகிறது. எது எதை நம்பி இருக்கிறது என்று பார்ப்பதே இன்று என் வேலை. போன வாரம் டீமில் ஒரு பையன், "டிஸ்ப்ளே சர்வருக்கு இந்த டிவைஸ் சர்வீஸ் எதுக்கு ப்ரோ? தூக்கிடலாம்" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் என் கால் ஆட ஆரம்பித்துவிட்டது.

"முழுசா படிச்சியா?" என்று கத்திவிட்டேன். மொத்த ஆபீசும் திரும்பிப் பார்த்தது.

பூந்தமல்லிப் பக்கம் இருக்கும் நண்பர்கள் யாராவது இதை ரஹீமாக்காவுக்குக் காட்டினால் நல்லது...

அது உங்க டீ இல்லக்கா. நான்தான்.