ஷட்டரைத் தட்டிவிட்டுத் திறக்கிறவன்

என் கொழுந்தன் வாய்க்கால் ஷட்டர் பார்த்தவன். பேச்சில் மகா கஞ்சன். வாய்க்கால் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ரோட்டுக்கு அடியில் நீளக் குழாய்க்குள் புகுந்து, கீழ்வயல் பக்கம் வெளியே வரும். குழாயின் மேல்வாயை அடைத்திருக்கும் ஷட்டரைத் தூக்கும் முன், அதைச் சுற்றுகிற கைப்பிடியைக் கழற்றி, அந்த இரும்புப் பலகையை இரண்டு தட்டு தட்டிக் காது வைத்துக் கேட்பான். குழாய்க்குள் தூர் வாருகிற ஆள் இருந்தால் திருப்பித் தட்டுவான். தட்டினால் திறக்கக் கூடாது. இவனுக்கு முன்னால் ஷட்டர் பார்த்தவர் உள்ளே தூர் வாரிக்கொண்டிருப்பது தெரியாமல் எவனோ திறந்துவிட்டான். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் கதிர் பால் பிடிக்கிற நேரம். கடைமடையில் என் வயல் வெடித்துக் கிடந்தது. அன்று தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் பதர். கொழுந்தன் தட்டினான். உள்ளே இருந்து டொக், டொக்.

தூர் வாருகிற ஆள்கள் எல்லோரும் கரையில்தான் நின்றார்கள்.

"எலியா இருக்கும், திறப்பா," என்றான் பக்கத்து வயல்காரன்.

"எலி எண்ணித் தட்டுமா?" கொழுந்தன் கையில் இருந்த கைப்பிடியை என்னிடம் நீட்டினான். "அண்ணி, நான் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் குடுக்காதீங்க."

குழாயின் கீழ்வாய் வழியாக உள்ளே போனான். வெயில் ஏறியது.

"குடுங்க பெரியம்மா. அவன் உள்ளயே தூங்கிட்டான்," என்றான் பக்கத்து வயல்காரன்.

"உன் பொண்டாட்டி உள்ள இருந்தா திறப்பியாடா?" என்றேன்.

"அவ இருந்தா முதல் ஆளா திறப்பேன்!"

சிரித்தார்கள். நான் கைப்பிடியை ஓங்கியதும் வாயை மூடிக்கொண்டான். மனசு கேட்காமல் பலகையைத் தட்டினேன். உடனே டொக், டொக். அப்பாடா, ஆள் உயிரோடு இருக்கிறான் என்று திரும்பினால், சேறும் சகதியுமாகக் கொழுந்தன் எனக்குப் பின்னாலேயே நிற்கிறான்.

"உள்ள ஈ காக்கா இல்ல அண்ணி."

யாரும் சிரிக்கவில்லை. அவன் பலகையில் வாயை வைத்து, பெரியவர்களிடம் பேசுவதுபோல் சொன்னான்: "அண்ணே, பயிர் காயுது. தண்ணி விடணும். வெளிய வந்துடுங்க."

உள்ளே இருந்து ஒரே ஒரு தட்டு. திறந்தான்.

முதல் தண்ணீர் எப்போதும் சேற்றை வாரிக்கொண்டு வரும். அன்று கண்ணாடிபோல் வந்தது, உள்ளே யாரோ தூர் வாரி முடித்ததுபோல.

பயிர் பிழைத்தது. அந்த நெல்லுச் சோற்றைத்தான் தின்றேன். பயந்தால் வயிறு நிறையுமா?

இப்போது கொழுந்தன் படுத்த படுக்கை. ஏதாவது வேண்டுமென்றால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவான். நேற்று சத்தம் கேட்டுச் சோற்றோடு போனேன்.

"நான் தட்டலையே அண்ணி," என்றான்.