ஆடு தின்னாத பெட்டி

இது நடந்தது போன வருஷம் சித்திரை மாசம், எட்டயபுரம் தாண்டி புதூர் பக்கத்துல இருக்க ஒரு கிராமத்துல. ஒரு வயசுப் பிள்ளைக்கு மொட்டை போட்டு காது குத்துற விசேஷம். நான் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரி இல்ல. பெட்டி குடுக்கப் போனவ, அவ்வளவுதான்.

எனக்கு ஊரு கோவில்பட்டி. அட்டையை வெட்டி மடிச்சு சின்னச் சின்னப் பெட்டியாச் செஞ்சு, மேல பேப்பர் பூ ஒட்டி, வளைகாப்பு, சடங்குன்னு விசேஷ வீடுகளுக்குக் குடுக்கேன். வர்றவங்க கையில வளையலோ குங்குமச் சிமிழோ வச்சுக் குடுக்க அழகா இருக்கும். எங்க ஊர்ப் பொம்பளைகளுக்குப் பெட்டி ஒட்டுறதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. கல்யாணத்துக்கு முன்னால வருஷக்கணக்கா தீப்பெட்டி ஆபீஸ்ல அட்டைக் கட்டு வாங்கிட்டு வந்து வீட்டுல வச்சு ஒட்டுனவதான் நானும். தீப்பெட்டித் தொழிற்சாலையை நாங்க ஆபீஸ்னுதான் சொல்லுவோம். ஏதோ ஃபேனுக்கு அடியில உக்காந்து கையெழுத்துப் போடுற மாதிரி.

இந்த வேலையைப் பத்திப் பத்திரிகையில எல்லாம் பொழுதுபோக்குன்னு போடுதாங்க. எந்தப் பொழுது போகுதுன்னு எனக்குத் தெரியல. மருந்து முக்காத தீக்குச்சியில கலர் பேப்பரைச் சுத்திச் சுத்தி ஒரு பூ செய்ய வலது கைப் பெருவிரல் மரத்துப் போகும். பழைய கல்யாணப் பத்திரிகையில இருந்து ஜிகினாப் பூவை வெட்டி எடுப்பேன். அதுல இருக்க பிள்ளையாரை வெட்ட மனசு வராது. தனியா எடுத்து வச்சிருவேன். அப்படியே ஒரு கட்டைப்பை நிறையப் பிள்ளையார் சேந்துட்டாரு. அவரை என்ன செய்யதுன்னு தெரியாம வீட்டுல வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரர் ராத்திரி வந்து, "இன்னைக்காவது காலை நீட்டிப் படுக்க இடம் இருக்கா?"ன்னு கேப்பாவ. கேக்கதுல தப்பு ஒண்ணும் இல்ல.

அந்த விசேஷத்துக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால எனக்கு ஒரு அவமானம் நடந்துச்சு. வளைகாப்புக்குக் குடுத்த பெட்டியைக் கரப்பான்பூச்சி அரிச்சு ஓட்டை போட்டுருச்சு. அந்த வீட்டம்மா போன்ல, "உங்க பெட்டியை விட கரப்பான்தான் நிறைய இருக்கு"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாவ. மைதாப் பசை. பூச்சிக்கு அது பாயசம். எனக்கு அழுகையே வந்துருச்சு. ராத்திரி முழுக்க முழிச்சு ஒட்டுன பெட்டி அது.

அப்பத்தான் ஆபீஸ்ல பசை காய்ச்சினது ஞாபகம் வந்துச்சு. கொதிக்கிற பசையில மயில்துத்தம் போடுவாவ. நீலக் கல்லு மாதிரி இருக்கும். போட்டா பூச்சி அண்டாது, எலி அண்டாது. சரி, இதை எப்படி மறந்தேன்னு என்னையே திட்டிக்கிட்டு, வாங்கிட்டு வந்து தாராளமாவே போட்டேன். பசை லேசா நீலம் பூத்து வந்துச்சு. பூச்சி வரல.

பக்கத்து வீட்டுல ஒரு வெள்ளாடு வளக்காங்க. தினமும் எங்க வாசலுக்கு வந்து வெட்டுன துண்டு, கிழிஞ்ச அட்டை எல்லாத்தையும் தின்னுட்டுப் போகும். எனக்குப் பெருக்குற வேலை மிச்சம். துத்தம் போட ஆரம்பிச்ச பிறகு அது வந்து மோந்து பாக்கும், தும்மும், போயிரும். நான் அதைப் பாத்துச் சந்தோஷப்பட்டேன். ஆடே தொடலைன்னா கரப்பான் எங்கன தொடப்போகுதுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட பெருமையாச் சொன்னேன்.

அந்த நேரம்தான் காதுகுத்துக்கு ஆர்டர் வந்துச்சு. பிள்ளையோட அம்மா போன்ல பேசுனா. சின்ன வயசுப் பொண்ணு, மரியாதையாப் பேசுனா. "அக்கா, உள்ளங்கை அளவுக்கு இருந்தாப் போதும். மூடியில மஞ்சக் கலர்ல பூ வேணும். முந்நூறு பெட்டி"ன்னா. சரின்னேன். உள்ள என்ன வைக்கப் போறீங்கன்னு நான் கேக்கல. வளையல், சிமிழ், பொம்மை, இதைத் தவிர யாரும் எதையும் வச்சது இல்ல. அதனால கேக்கத் தோணல.

முந்நூறு பெட்டியை மூணு வாரத்துல முடிச்சேன். தண்ணி வாரத்துக்கு ஒரு தடவை வர்ற தெரு. தண்ணி பிடிக்கணும், சமைக்கணும், மிச்ச நேரம் பூராவும் பூ சுத்தணும். கடைசி நாலு நாளு சாப்பிடுற சோறு எல்லாம் பசை வாடை அடிச்சது. விசேஷத்தன்னைக்குக் காலையில ரெண்டு பெரிய சாக்குல கட்டி, பஸ்ல ஏத்தினேன். கண்டக்டர், "ஏம்மா, இது லக்கேஜா, இல்ல வீடே காலி பண்ணிட்டு வாறீயளா?"ன்னாரு. வெயிட்டே இல்ல அண்ணாச்சி, வெறும் அட்டைதான்னேன். வெயிட்டு எங்கன இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்.

பஸ்ஸை விட்டு இறங்கி, வெடிச்சுக் கிடந்த கரிசக்காட்டு ஓரமா நடந்து அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்போது எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அந்தப் பொண்ணு வாசலுக்கே வந்து சாக்கை வாங்கிக்கிட்டா. பெட்டியைத் திறந்து பாத்ததும் முகம் மலர்ந்து போச்சு. "அக்கா, போட்டோவுல பாத்ததை விட நல்லாருக்கு"ன்னு சொல்லி, என்னைப் பந்தலுக்குள்ள ஃபேனுக்கு நேரா ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு, மோர் குடுத்தா. மூணு வாரத்துல முதல் தடவையா முதுகைச் சாய்ச்சு உக்காந்தேன். அந்த சேர் எனக்குச் சொர்க்கமா இருந்துச்சு.

எனக்கு எதிர்க்க ஜமக்காளத்துல நாலஞ்சு பொம்பளைங்க உக்காந்து பெட்டிக்குள்ள சாமான் வைக்க ஆரம்பிச்சாங்க. ஒரு அட்டைப்பெட்டியைப் பிரிச்சாங்க. உள்ள கடம்பூர் போளி. சூடு ஆறாத நெய் வாசம். ஒவ்வொரு போளியா மடிச்சு, அப்படியே, இலையும் இல்லாம பேப்பரும் இல்லாம, என் பெட்டிக்குள்ள வச்சாங்க.

எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? ஐயோ, நெய் ஊறி மஞ்சப் பேப்பர் கறையாகுமேன்னு தோணுச்சு. பெத்த பிள்ளை சட்டையில சேறு பட்ட மாதிரி வருத்தப்பட்டேன். பெட்டியோட ஓரத்துல, நான் பசை தடவுன இடத்துலதான் நெய் முதல்ல ஊறுச்சு. அந்த ஓரத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம்தான் உறைச்சது.

துத்தம் விஷம். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்ல. பசைக் கையோட சோத்துல கை வைக்கப்பிடாதுன்னு கேட்டு வளந்தவ நான். ஆபீஸ் பசையைப் பிள்ளைங்க பக்கத்துல வைக்க மாட்டோம். எல்லாம் தெரியும். தெரிஞ்சே கரப்பானை மட்டும் நினைச்சுக்கிட்டு மனுஷரை மறந்துட்டேன்.

இப்ப சொல்லப்போறதுதான் எனக்குச் சொல்லக் கஷ்டமா இருக்கு. நான் உடனே எந்திரிக்கல.

உக்காந்தே இருந்தேன். மனசு ஏதேதோ பேசுச்சு. ஓரத்துல கொஞ்சம் பசை, அதுல கொஞ்சம் துத்தம், அதுல இருந்து போளிக்கு எவ்வளவு போயிரப் போகுது? யாருக்குத் தெரியும்? சொன்னா முந்நூறும் குப்பை. இந்தப் பக்கத்துல ஒரு வீட்டுல கூட அப்புறம் என் பெட்டியை வாங்க மாட்டாங்க. மோரைக் குடிச்சிட்டு ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிச்சா வீட்டுக்குப் போய்ப் படுத்துரலாம். நிஜமாவே பஸ் நேரத்தை எல்லாம் கணக்குப் போட்டேன். அந்தச் சேர்ல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அவங்க ஒரு தாம்பாளம் நிறையப் பெட்டியை அடுக்குனாங்க. பிள்ளையோட அத்தை அதைத் தூக்கிட்டு, வர முடியாத பக்கத்து வீடுகளுக்குக் குடுக்கப் போனா. என்னைத் தாண்டித்தான் போனா. சிரிச்சிட்டுப் போனா. நானும் சிரிச்சேன்.

அந்த நேரம் பிள்ளையோட அம்மா, மொட்டைத் தலையில சந்தனம் பூசுன பிள்ளையைக் கொண்டு வந்து என் காலடியில உக்கார வச்சா. அழுத பிள்ளைக்கு விளையாட ஒரு காலிப் பெட்டியைக் கையில குடுத்தா. "அக்கா, ஒரு நிமிஷம் பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போனா. பிள்ளைக்குப் பல்லு முளைக்கிற நேரம் போல. பெட்டியை ரெண்டு கையாலயும் பிடிச்சு, நேரா அந்த ஓரத்தை வாய்க்குக் கொண்டு போச்சு.

நான் பிடுங்குனேன். கொஞ்சம் முரட்டுத்தனமாவே பிடுங்கிட்டேன். பிள்ளை அலறுச்சு. ஜமக்காளத்துல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. ஒரு அம்மா, "ஏட்டி, பிள்ளை கையில இருந்து எதுக்குப் பிடுங்குத? பெட்டிதானே, அது என்ன தங்கமா?"ன்னாவ.

"போளியை வைக்காதீங்க. பசையில துத்தம் போட்டிருக்கேன்"ன்னேன்.

அங்கன இருந்த எல்லாருக்கும் துத்தம்னா என்னன்னு தெரியும். தீப்பெட்டி ஒட்டாத வீடு இந்தப் பக்கத்துல ஏது. ஒருத்தி கையில இருந்த போளியை அப்படியே கீழ வச்சா. யாரும் கத்தல. கத்தியிருந்தா எனக்குக் கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும். உள்ள இருந்து ஓடி வந்த பிள்ளையோட அம்மா, பிள்ளையைத் தூக்கி வாயைத் திறந்து பாத்து, தண்ணியால கழுவி, முந்தானையால துடைச்சா. துடைச்சுக்கிட்டே என்கிட்ட, "தெருவுக்குப் போன பெட்டி எத்தனை அக்கா?"ன்னு கேட்டா.

ஒரு தாம்பாளம்னேன்.

அப்புறம் நானும் அவளும் தெருத்தெருவா ஓடுனோம். உச்சி வெயில். கால்ல செருப்பு போட்டனா இல்லையான்னு கூட நினைவில்ல. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் அவதான் பேசுனா. "பெட்டி மாறிப் போச்சு, திருப்பிக் குடுங்க, போளி வேற தாரோம்"னு சொல்லிச் சொல்லி வாங்குனா. விஷம்னு ஒரு வார்த்தை சொல்லல. என்னைக் காட்டியும் குடுக்கல. பக்கத்துல நிக்கிற நான் யாருன்னு கேட்ட இடத்துல, "தெரிஞ்ச அக்கா"ன்னா. அந்த ரெண்டு வார்த்தையைக் கேக்க எனக்குச் செருப்படி வாங்குனாப்ல இருந்துச்சு.

கடைசி வீட்டுல பெட்டி காலியா இருந்துச்சு. அஞ்சு வயசுப் பொம்பளைப்பிள்ளை ஒண்ணு போளியைத் தின்னுட்டு, பெட்டி மேல இருந்த பூவைப் பிய்ச்சுத் தலையில சொருகிக்கிட்டு நிக்குது. அந்த வீட்டுல மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னோம். அந்தப் பிள்ளையோட அம்மா என்னை மேலும் கீழும் பாத்தா. கிராம நர்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டோம். அவங்க, "அட்டையைத் தின்னலைல்ல? தண்ணி நிறையக் குடுங்க. வாந்தியோ வயித்துவலியோ வந்தா உடனே தூக்கிட்டு வாங்க"ன்னாங்க.

ஒன்றரை மணி பஸ்ஸு போயிருச்சு. மூணு மணி பஸ்ஸும் போயிருச்சு. நான் அந்த வீட்டு வாசப்படியில உக்காந்து அந்தப் பிள்ளையையே பாத்துக்கிட்டு இருந்தேன். அது கோழியை விரட்டுச்சு. நொண்டி விளையாடுச்சு. ஒரு தடவை குனிஞ்சு வயித்தைப் பிடிச்சதும் எனக்கு உயிரே போயிருச்சு. பாவாடை நாடா இறுக்குதுன்னு அவுத்துக் கட்டுச்சு, அவ்வளவுதான். வெயில் தாழுற வரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகல. அப்புறமும் ஒண்ணும் ஆகல.

விசேஷ வீட்டுல எல்லாருக்கும் வாழை இலையை நறுக்கி அதுல போளி வச்சுக் குடுத்துட்டாங்க. நான் சாக்கைக் கட்டிக்கிட்டுக் கிளம்பும்போது மொட்டை போட்ட பிள்ளையோட அம்மா வந்தா. "சாப்பிட்டீங்களா அக்கா?"ன்னு கேட்டா. இல்லைன்னேன். இலை போட்டு, பக்கத்துல நின்னு பரிமாறுனா. அப்ப ஒரே ஒரு கேள்வி கேட்டா. "போளி வைக்கிறப்ப நீங்க எதிர்க்கத்தானே இருந்தீங்க?"

நான் தலையைக் குனிஞ்சு சோத்தைப் பிசைஞ்சேன். அவ மறுபடி கேக்கல. ரசம் ஊத்திட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் அவ எனக்குப் போன் பண்ணல. நானும் பண்ணல.

இப்பவும் பெட்டி செய்யுதேன். வேற என்ன செய்ய. யாரு ஆர்டர் குடுத்தாலும் முதல்ல உள்ள என்ன வைப்பீங்கன்னுதான் கேக்கேன். பசையில துத்தம் போடுறதில்ல. அப்பப்பக் காய்ச்சி அப்பப்ப ஒட்டுதேன், வேலை ரெண்டு பங்கு ஆயிருச்சு. அந்த முந்நூறு பெட்டியும் இன்னும் பரண்ல கிடக்கு. ஒரு பூச்சி கூட தொடல. பக்கத்து வீட்டு ஆடு மறுபடியும் வாசலுக்கு வந்து துண்டுகளைத் தின்னுட்டுப் போகுது. அது மோந்து பாத்துத் தும்முனப்பவே சொல்லிருச்சு, எனக்குத்தான் காது கேக்கல.

பசையில துத்தம் போட்டதைக் கூட ஞாபகமறதின்னு மனசு ஒருவழியா மன்னிச்சிருச்சு. ஆனா தாம்பாளம் என்னைத் தாண்டிப் போனப்ப நானும் சிரிச்சேனே, அதை மன்னிக்க முடியல. அந்தப் பல்லு முளைக்கிற பிள்ளை மட்டும் பெட்டியை வாய்க்குக் கொண்டு போகாம இருந்திருந்தா, நான் அந்த சேரை விட்டு எந்திரிச்சிருப்பேனான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.