முனீஸ்வரன் காலடியில் விட்டுவந்த கார் சாவி

செம்பனைக் காட்டு நடுவில், காரின் முன்சீட்டில், என் மனைவி சரோஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கார் நகரவில்லை. போனில் லைன் இல்லை. முனீஸ்வரனை நம்பும் என் சொந்தங்களே, போன ஆடி இரண்டாவது வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கையால் லோரி ஸ்டியரிங் பிடித்து, இன்று சுங்காய் ஊரில் பதினோரு லோரிக்கு முதலாளி. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வளர்ந்தவனில்லை. பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்யும் புதுக் காரை எடுத்தபோது, விற்ற பெண் பொறுமையாகச் சொன்னாள்: “அங்கிள், ஓடிக்கிட்டு இருக்கும்போது சாவி காருக்கு வெளிய போனாலும் இஞ்சின் நிக்காது. ஆனா இஞ்சின அடைச்சிட்டா, சாவி இல்லாம மறுபடி ஸ்டார்ட் ஆகாது.” பதினெட்டுச் சக்கர லோரி ஓட்டியவனுக்கே பாடமா என்று சிரித்துவிட்டு வந்தேன்.

அன்று காலை நெஞ்சை அழுத்துகிறது என்றாள் சரோஜா. கிளினிக் டாக்டர், உடனே ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்றும் கேட்டார். அதற்கு முன்னால் நான் போய்விடுவேன் என்றேன். என் வாய் அப்படி.

வழியில் நம் முனீஸ்வரன் கோயில். லோரி ஓட்டிய நாள் முதல், தூரம் போவதென்றால் சாவியை அவர் காலடியில் வைத்துக் கும்பிட்டு எடுத்துக்கொண்டுதான் கிளம்புவேன். அன்றும் இறங்கினேன். அவளுக்கு ஏர்கோன் வேண்டுமே என்று இஞ்சினை அடைக்கவில்லை. சாவியை வைத்தேன். கும்பிட்டேன். ஹைவேயில் ஜாம், நான் பிறந்த தோட்டத்து மண்சாலையில் புகுந்து போகிறேன், அங்கே ஒவ்வொரு குழியும் எனக்குத் தெரியும் என்று பூசாரி மணியத்திடம் பெருமை பேசிவிட்டு ஓடி வந்தேன்.

லோரியாக இருந்தால் சாவி இல்லாமல் நகர்ந்திருக்காது. இது நகர்ந்தது. விடாமல் கத்தியது. சிவப்பாக ஏதோ இங்கிலீஷில் காட்டியது. எனக்கு அந்த எழுத்து தெரியாது.

“ஏங்க, என்னமோ சொல்லுது பாருங்க,” என்றாள்.

பெல்ட்டுக்குக் கத்துகிறது, சும்மா இரு என்றேன்.

தோட்டத்துக்குள் நாலு மைல் போனதும் அவளுக்குக் குமட்டல். நிறுத்தினேன். பழக்க தோஷத்தில் பட்டனை அமுக்கி அடைத்துவிட்டு, அவளைத் தாங்கிப் பிடித்தேன். வாந்தி எடுத்தாள். முகம் வெளுத்து வியர்த்துக் கொட்டியது. ஓடி வந்து பட்டனை அமுக்கினேன். இஞ்சின் உயிர் பிடிக்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டேன். அப்போதுதான் சாவி எங்கே இருக்கிறது என்று உறைத்தது.

பதினோரு லோரி. ஒன்றுகூட அங்கே இல்லை. அவளைத் தூக்கி நடக்க உடம்பில் பலமில்லை, விட்டுப் போக மனசில்லை. செம்மண்ணில் மண்டியிட்டேன். அப்பா, எனக்கு ஒன்றும் தெரியாது, என் சரோஜாவை மட்டும் கொடுத்துவிடு என்று கதறினேன். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் அடித்தபோதுகூட அழாதவன் நான்.

செம்பனை வரிசைக்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மணியம்! மத்தியானத்துக்கு முன்பே வீட்டுக்குப் போகிறவர், ஆடி வெள்ளி என்பதால் இருந்திருக்கிறார். தீபம் காட்டும்போது சாவி கண்ணில் பட்டிருக்கிறது. எந்த வழி என்பதை நான் அடித்த பெருமையே அவருக்குச் சொல்லியிருக்கிறது.

“அண்ணே, முனீஸ்வரனுக்கு கார் ஓட்டத் தெரியாது லா. சாவிய நீங்களே வச்சிக்குங்க,” என்று நீட்டினார்.

அழுதுகொண்டே சிரித்தேன்.

ஈப்போவில் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அவள் வீடு திரும்பிய வாரமே, கார் விற்ற அந்தப் பெண் முன்னால் போய் உட்கார்ந்து, மறுபடி சொல்லு அம்மா என்றேன். என் வாழ்க்கையில் ஒருவரிடம் பாடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

உங்களிடமும் இப்படிக் கார் இருந்தால், தெரியாததை வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் முனீஸ்வரனைக் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டேன்; பழைய மோட்டாரில் ஆள் அனுப்பினார்.

இப்போது இஞ்சினை அடைத்த பிறகுதான் சாவியை அவர் காலடியில் வைக்கிறேன். திரும்பி வந்து ஏறியதும், “சாவிய காட்டுங்க,” என்பாள் சரோஜா. காட்டுவேன். பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க அவள் இருக்கிறாள். எனக்கு அது போதும், அப்பா.