ஐந்து பட்டைக் காற்றுப்பை

எங்கள் விமான நிலையத்தின் வரலாற்றை எழுதத்தான் போனேன். ஊருக்கு வெளியே ஒரே ஓடுபாதை, நாளுக்கு ஒரே விமானம். காலை பத்து நாற்பதுக்கு வந்து பதினொன்று இருபதுக்குக் கிளம்பிவிடும், பதினெட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம். சிறுவயதிலிருந்தே எனக்கு அதன்மேல் பைத்தியம். மேலாளர் பழைய கோப்புகளை மேசையில் போட்டுத் தும்மினார். ஒரு ஆலை முதலாளி சொந்த விமானத்துக்காகப் போட்ட மண்பாதை; அரசாங்கம் அதில் தார் போட்டது; நடுவில் பன்னிரண்டு வருடம் விமானமே வராமல் கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு அது மைதானமானது. எல்லாம் அதில் இருந்தன. நடுவே இரண்டு கடிதங்கள். ஒரே கையெழுத்து, ஒரு நாள் இடைவெளி. முதலாவது ஒன்றரைப் பக்கம். இரண்டாவது இரண்டே வரி. படித்த பிறகு வரலாறு எனக்கு மறந்துபோய்விட்டது. எழுதியவர் வீட்டைக் கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விமான நிலைய வேலி ஓரத்துக் குடியிருப்பில் கடைசி வீடு. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. முப்பத்தொரு வருடம் காற்றுப் பார்த்தவர். அதனாலேயே எல்லோருக்கும் அவர் 'காத்துக்காரர்'. நான் கடிதத்தைப் பற்றிக் கேட்டதும் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னார். அவர் மனைவி பக்கத்தில் தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தார், கணவர் தவறும் இடங்களைத் திருத்திக்கொண்டே.

அவர் வேலை இதுதான். ஓடுபாதை ஓரத்துக் கம்பத்தில் ஒரு துணிக்குழாய் தொங்கும். அதுதான் காற்றுப்பை. ஆரஞ்சும் வெள்ளையுமாக ஐந்து பட்டை. காற்று அடித்தால் கம்பத்தை ஒட்டிய முதல் பட்டை நிமிரும், பிறகு அடுத்தது. ஒரு பட்டைக்கு மூன்று நாட், அதாவது மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகம் என்று கணக்கு. ஐந்தும் நிமிர்ந்து விறைத்து நின்றால் பதினைந்து, அதற்கு மேலும் இருக்கலாம். அலுவலகச் சன்னலில் நின்று அதைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, வரும் விமானிக்கு ரேடியோவில் சொல்ல வேண்டும். கிண்ணம் சுழன்று காற்றை அளக்கும் கருவி ஒன்றும் இருந்தது. அது பழுதாகி ஏழு மாதம். பழுது பார்க்க ஆள் 'அடுத்த வாரம்' வந்துகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பை கிழிந்தது. புதிது கேட்டு எழுதினார், பதில் இல்லை. வீட்டில் தையல் இயந்திரம் இருக்கிறதே என்று, கூடாரத்துக்குப் போடும் கெட்டித் துணி வாங்கி வந்தார், வெயிலுக்கும் மழைக்கும் தாங்கட்டும் என்று. மனைவி துணியைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு கனமா இருக்கே. காத்து தூக்குமா?"

"பிளேனப் பத்தி உனக்கு என்ன தெரியும்? தச்சுக் குடு."

மூன்று நாளில் தைத்துக் கொடுத்தார். இரட்டைத் தையல், பட்டைகள் நூல் பிடித்தாற்போல. கம்பத்தில் ஏற்றிய அன்று, தீயணைப்பு வண்டி ஓட்டுகிற மைத்துனர் அண்ணாந்து பார்த்துச் சொன்னாராம்: "மாமா, இனிமே அக்கா தச்ச தலகாணி உறையப் பார்த்துத்தான் பிளேன் இறங்கணும்."

"உனக்குப் பொறாமைடா."

"எனக்கென்ன பொறாமை? என் சட்டைல ஒரு பட்டன் தச்சுத் தரச் சொல்லி ஆறு மாசமாக் கேக்குறேன். நாட்டுக்குத்தான் தைப்பாளாம்."

தினமும் பத்தரை மணிக்கு மனைவி மொட்டைமாடிக்கு வந்துவிடுவார், துணி உலர்த்துகிற சாக்கில். தூரத்தில் தன் பை தெரியும். இவர் சன்னலிலிருந்து மாடியைப் பார்ப்பார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் தன் வேலையை அவள் திரும்பிப் பார்த்தது அப்போதுதான் என்றார். "துணி காயப்போடத்தான் போனேன்," என்றார் அந்தம்மா, ஊசியில் நூல் கோத்தபடி. அதை நானும் நம்பவில்லை, காத்துக்காரரும் நம்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து அரசாங்கப் பை வந்தது. மெல்லிய துணி, முறையான முத்திரை. அன்றே மாற்றியிருக்க வேண்டும். இவர் அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பத்தரை மணிக்கு மாடியில் நிற்கிறவளிடம் என்ன சொல்வது?

மூன்று வாரம். இருபத்திரண்டாவது நாள் காலையில் காற்று ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் அடித்தது. பதிவேட்டுக் காகிதம் பறந்ததால் அதன்மேல் தண்ணீர்ச் செம்பைத் தூக்கி வைத்தார். வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தார். இரண்டு பட்டை நிமிர்ந்திருந்தது. ஆறு நாட் என்று எழுதினார், ஆறு நாட் என்று ரேடியோவில் சொன்னார். "செம்பத் தூக்கி வச்சேங்க. என் கையாலதான் வச்சேன். அப்பக்கூடத் தோணல," என்று என்னிடம் அதை மூன்று முறை சொன்னார்.

இறங்கிய விமானம் தரையைத் தொட்டதும் பக்கவாட்டில் தள்ளப்பட்டுப் புல்லில் ஓடியது. ஒரு சக்கரம் சேற்றில் புதைந்து, இறக்கைக் காற்றாடியின் தகடு ஒன்று வளைந்தது. பதினான்கு பயணிகள். ஒருவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. விமானியம்மா இறங்கி வந்து முதலில் சொன்னது: "காத்து ஆறு இல்லண்ணே. பதினஞ்சுக்குக் கம்மியே இல்ல."

இவர் அன்று சாயங்காலமே ஏணி போட்டு மனைவி தைத்த பையைக் கழற்றி, அலமாரியில் இருந்ததை மாட்டினார். மறுநாள் காற்று கொஞ்சம்தான். அதற்கே புதுப்பையில் மூன்று பட்டை நிமிர்ந்தது.

விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பதிவேட்டைப் புரட்டினார்கள், கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

"பை ஸ்டாண்டர்ட் பைதானே?"

"ஆமா சார்."

அவ்வளவுதான் பொய். இரண்டு சொல். காற்று ஆறுதான், விமானிதான் சரியாகக் கையாளவில்லை என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். முடிவு வரும்வரை விமானியம்மா விமானம் ஓட்டக் கூடாது என்றார்கள்.

வீட்டில் மனைவி கேட்டார். "மாடிலருந்து பார்த்தேன். நிறம் வேறயா இருக்கு. என் பை எங்க?"

"கிழிஞ்சிருச்சு."

"என் தையல் கிழியாது."

சாப்பாடு இறங்கவில்லையாம். ஒன்பது நாள். பத்தாவது நாள் மைத்துனர் சும்மா பேச்சோடு பேச்சாக, "அந்தப் பைலட்டம்மா லைசென்ஸ் போயிரும்போல மாமா. அப்பா ரொம்பக் கடன ஒடன வாங்கிப் படிக்க வச்சாராம்," என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். இவர் அன்று மத்தியானம் பழைய பையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நின்றபடியே முதல் கடிதத்தை எழுதினார். பை வீட்டில் தைத்தது, கனமான துணி, விபத்துக்குப் பிறகு மாற்றினேன், விசாரணையில் பொய் சொன்னேன், விமானி சொன்ன காற்றே சரி. ஒன்றரைப் பக்கம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தார். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"வீட்ல தச்சதுன்னு எழுதினீங்க. கனமா இருக்கு, தூக்குமான்னு நான் கேட்டேனே, அத எழுதினீங்களா?"

எழுதவில்லை. அதுவரை பட்ட வெட்கமெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போதுதான் தெரிந்ததாம். ஒப்புக்கொள்ளப் போன இடத்திலும் பாதியை அவள் தையல்மேல் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

மறுநாள் காலை மேலாளர் வரும் முன்பே வாசலில் நின்றார். அந்த இரண்டாவது கடிதத்தை இங்கே அப்படியே தருகிறேன்:

"துணி கனமாக இருக்கிறது, காற்று தூக்குமா என்று என் மனைவி தைக்கும் முன்பே கேட்டார். உனக்கு என்ன தெரியும் என்று சொன்னது நான்."

காற்றுப் பார்க்கும் வேலையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். கடைசி நான்கு வருடம் பெட்டி எடை போடுகிற இடத்தில் இருந்தார். பேர் மட்டும் மாறவில்லை. எடைக்கருவி முன்னால் நிற்கிறவரைக் காத்துக்காரர் என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு தடவையும் குத்தியது என்றார்.

விமானியம்மா மூன்று மாதத்தில் திரும்ப வந்தார். முதல் நாள், எடைக்கருவியைத் தாண்டிப் போகும்போது நின்றார். இவர் பெட்டியின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ரெண்டு லெட்டரையும் படிச்சேன்."

இவர் பெட்டியை எடைக்கருவியிலிருந்து இறக்கினார்.

"முதல் லெட்டர்ல இருக்கறதுக்கு உங்கமேல கோவம் இன்னும் தீரல. ரெண்டாவதுக்கு அக்காவ ஒரு தடவ பார்க்கணும்."

பார்க்க வந்தார். மாடியில் நின்று இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்களாம். என்ன பேசினார்கள் என்று இவர் இன்றுவரை கேட்டதில்லை. "கேக்க எனக்கு என்ன முகம் இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

நான் அந்தம்மாவைப் பார்த்தேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்:

"கேட்டா சொல்லியிருப்பேன்."