அஞ்சலைக்கு வராத காமாலை

போன புதன்கிழமை எங்கள் கல்லூரிப் பெண்கள் விடுதியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். பிரின்ஸிபாலே குடை பிடித்துக்கொண்டு கீழே நின்று மேற்பார்வை பார்த்தார். பிளீச்சிங் பவுடர் வாடை ரோடு வரைக்கும் அடித்தது.

நல்ல காரியம்தானே, இதற்கு ஏன் இந்த அம்மாவுக்குக் கோபம் என்கிறீர்களா? அந்தத் தொட்டியைக் கழுவ வைத்தது நான் சொன்ன ஒரு பொய்.

நான் அங்கே தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். என் வகுப்பில் ஒரு பெண். நிஜப் பெயர் வேண்டாம், அஞ்சலை என்று வைத்துக்கொள்வோம். கலசப்பாக்கம் பக்கத்துக் கிராமம். அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். இரண்டாம் வருஷம் பாதியில் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மூன்று வாரம் கழித்து அறைத்தோழி ஷகிலா என்னிடம் வந்தாள்.

"சுவத்தப் பாத்துப் படுத்துக்குனே இருக்கா மேடம். சாப்புடறதில்ல. ஏன்டின்னு கேட்டா தெரியலங்கறா. சும்மாவே அழறா."

மூன்று வாரமாக அந்தப் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டிருந்தவள் நான். ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றியதா? இல்லை.

தேரடிப் பக்கம் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். பொறுமையாகப் பார்த்தார். உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை, மனசு சோர்ந்து போயிருக்கிறது, வேலூரில் இதற்கென்று டாக்டர் இருக்கிறார், தள்ளிப்போடாமல் கூட்டிப்போங்கள் என்றார். சர்டிபிகேட்டிலும் அதையே எழுதினார். சர்டிபிகேட் கொடுக்காவிட்டால் அட்டெண்டென்ஸ் குறைவு என்று பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

பிரின்ஸிபால் படித்தார். நாலாக மடித்து என்னிடமே நீட்டினார்.

"இத ஃபைல்ல வெச்சா அந்தப் பொண்ண ஹாஸ்டல்ல வெச்சிருக்க முடியாது மேடம். டி.சி. குடுத்து அனுப்பவேண்டியதுதான். காமாலை, டைபாய்டுன்னு எதையாவது எழுதி வாங்கிக்குனு வாங்க."

வெளியே, செய்தி கேட்டு ஊரிலிருந்து வந்த அவள் அப்பா நின்றிருந்தார். அவரும் அதையேதான் சொன்னார். "பைத்தியம்னு ஒருத்தன் வாயில வந்துட்டா போதும்மா. இவளுக்கு மட்டும் இல்ல, இவ தங்கச்சிக்கும் சேத்து கல்யாணம் நின்னுடும். வேலூரெல்லாம் பரீட்சைக்கு அப்புறமா பாத்துக்கலாம்."

வாங்கி வந்தேன். ஆமாம், நான்தான். டாக்டர் சலித்துக்கொண்டே 'காமாலை' என்று எழுதினார். பிரின்ஸிபால் இரண்டே நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு பெண்ணின் படிப்பைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை வேறு எனக்கு.

அடுத்த நாளே விடுதி சுறுசுறுப்பானது. காமாலை ஒட்டுமே… சும்மா இருப்பார்களா? அஞ்சலையைக் கடைசியில் இருக்கும் சிக் ரூமுக்கு மாற்றினார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். உப்பில்லாத கஞ்சி. காலையில் மோரில் கரைத்த கீழாநெல்லி. யாரும் உள்ளே போகக்கூடாது என்று வார்டன் ஒரு சர்க்குலர். அப்புறம்தான் தொட்டி.

எனக்கு இதெல்லாம் சனிக்கிழமைதான் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். அந்த அறை ஜன்னலில் எதிர்ச்சுவர்தான் தெரிகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரிகிற இந்த ஊரில் மலை தெரியாத ஜன்னல் வைத்துக் கட்டவும் ஒரு திறமை வேண்டும்.

அஞ்சலை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"ஷகிலா தெனமும் தலைய வாரிவுடுவா மேடம். எழுந்திருடி சோம்பேறின்னு திட்டிக்குனே வாருவா. அது ஒண்ணுதான் இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரே மருந்தை, டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி நிறுத்தியிருக்கிறேன்.

"உண்மைய சொல்லிடட்டுமா அஞ்சலை? பிள்ளைங்க கண்டபடி பேசுவாங்க. டி.சி.ன்னு கூட சொல்லுவாங்க" என்று கேட்டேன்.

"பேசட்டும் மேடம். இங்க தனியா மட்டும் வேணாம்."

ஷகிலாவை நானே கூட்டிவந்து உள்ளே விட்டேன். வார்டன் ஒட்டிக்கொள்ளும் என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தார். "ஒட்னா ஒட்டட்டும், நீங்க போங்க மேடம்" என்று வார்டனிடம் சொல்லிவிட்டு ஷகிலா சீப்பை எடுத்தாள். பத்தொன்பது வயசுப் பெண்ணுக்கு இருக்கிற புத்தி எம்.எஸ்ஸி. படித்த எனக்கு இல்லை.

திங்கட்கிழமை, டாக்டர் முதலில் எழுதிய சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு பிரின்ஸிபாலிடம் போனேன். "அந்தப் பொண்ணுக்குக் காமாலை இல்ல சார். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றேன்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். பெண்ணைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப தொட்டிய எதுக்கு மேடம் கழுவனோம்?"

இல்லாத காமாலைக்கு எங்களிடம் அறை இருக்கிறது, தட்டு இருக்கிறது, மூலிகை இருக்கிறது, சர்க்குலர் இருக்கிறது. இருக்கிற வியாதிக்கு? 'என்னம்மா ஆச்சு, உட்காரு' என்று சொல்ல ஒரு நாற்காலி கிடையாது. அத்தனை பிள்ளைகள் படிக்கிற இடத்தில் அழுகிற பிள்ளை யாரிடம் போகும் என்று ஒருத்தர் யோசித்ததில்லை. நான் உட்பட.

அஞ்சலையின் பரீட்சை விஷயம் இன்னும் பிரின்ஸிபால் மேஜையில்தான் கிடக்கிறது. டாக்டரிடம் போக அவள் அப்பா அரைமனதோடு சரி என்றிருக்கிறார். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அஞ்சலை, ஷகிலா, நான், மூன்று பேரும் வேலூர் போகிறோம். லீவ் லெட்டரில் 'காரணம்' என்ற இடத்தில் 'மாணவியை மனநல டாக்டரிடம் அழைத்துச் செல்ல' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காமாலை என்று மாற்றிக் கொடுத்தால் உடனே சாங்ஷன் ஆகும் என்று கிளார்க் ரகசியமாகச் சொன்னார்.

மற்றபடி, எங்கள் விடுதிப் பக்கம் வந்தால் தைரியமாகத் தண்ணீர் குடிக்கலாம்… தொட்டி ரொம்பச் சுத்தம்.