‘இந்தா வாறன்’ என்றால் எவ்வளவு நேரம்?

கல்முனையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேன் ஓட்டிய காலத்தில், மகியங்கனைப் பக்கம் யானை மறித்து நின்றதை விட வீட்டு வாசலில் ஆட்கள் சுணங்கியதுதான் அதிகம். இப்போது ஸ்டியரிங்கை விட்டுவிட்டேன். புதிதாக ஹயருக்கு வேன் ஓட்டும் பொடியன்மார் என்னிடம் ரோட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ரோட்டை ஃபோன் காட்டும். எங்கள் சனம் சொல்லும் நேரத்தை எந்த ஃபோனும் காட்டாது. அதனால் இதை எழுதுகிறேன்.

‘இந்தா வாறன்’ என்றால் ஆள் இன்னும் குளிக்கவில்லை. ‘வெளிக்கிட்டாச்சு’, அதாவது புறப்பட்டாச்சு என்றால் குளிக்கிறார். வாளிச் சத்தம் ஃபோனிலேயே கேட்கும். ‘கிட்ட வந்திட்டன்’ என்பவர் வீட்டுக்குள் செருப்புத் தேடுகிறார். எல்லாவற்றிலும் பொல்லாதது ‘ஒரு சொட்டுப் பொறுங்க’. அதைச் சொல்லிவிட்டு ஒருவர் உள்ளே போனால், எஞ்சினை ஓஃப் பண்ணிவிட்டுப் பேப்பரை மரண அறிவித்தல் வரைக்கும் வாசிக்கலாம்.

இதற்கு நாங்கள் ஒரு வைத்தியம் வைத்திருந்தோம். எட்டு மணிக்கு எடுக்க வேண்டிய வேனை ஆறு மணிக்கு என்று சொல்வோம். சனம் லேசுப்பட்டதா? "வேன்காரன் முந்தித்தான் சொல்லுவான்" என்று கண்டுபிடித்துவிட்டது. நாங்கள் ஐந்து என்றோம். அவர்கள் அதையும் கழித்துக்கொண்டு ஆறுதலாக வந்தார்கள். இப்படியே போனால் மக்காவுக்கு உம்றாப் பயணம் போகிறவரை முதல் நாளே வேனில் ஏற்றிப் படுக்க வைக்க வேண்டியதுதான்.

மஜீத் சேரிடம் மட்டும் பொய் நேரம் சொல்ல எனக்கு நா வரவில்லை. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர் அவர். பிந்தி வரும் பிள்ளைகளைப் பாடசாலைக் கேற்றுக்கு வெளியே நிறுத்தி வைத்த மனிசன். அவரும் மனைவியும் உம்றாவுக்குப் போக என் வேனைப் பேசியபோது உள்ள நேரத்தையே சொன்னேன். சொன்ன நேரத்துக்கு இருவரும் வேனில் ஏறி இருந்தார்கள். ஊரில் ஒரு மனிசனாவது இருக்கிறாரே என்று சந்தோசமாக வேனை எடுத்தேன்.

அடுத்த ஒழுங்கைக்குள் வேன் திரும்பியதும் சேர் என் தோளைத் தட்டினார். "ஹனீபாட வீட்டடியில நிப்பாட்டுங்க மனே. ஒரு சொட்டு. இந்தா வாறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களுமா சேர்?"

அவர் இறங்கிப் போனார். மனைவிதான் சொன்னார். ஹனீபா, சேரின் தம்பி. ஒரு மதிலால் வந்த சண்டை, கதைபேச்சு இல்லை. உம்றாவுக்கு முன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். "ஊரெல்லாம் கேட்டாரு. இஞ்ச மட்டும் வரல்ல. தம்பிட மனசு நொந்திருக்க நான் எப்பிடிக் கஃபாவுக்கு முன்னால நிக்கிற எண்டு இவருக்கு ராவெல்லாம் நித்திரையில்ல."

சேர் கேற்றடியில் நின்று ஸலாம் சொன்னார். "ஹனீபா, நான்தான். பயணம் சொல்ல வந்தன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் நில்லுங்க. இந்தா வாறன்."

அந்த ‘இந்தா’ நீண்டுகொண்டே போனது. எத்தனையோ பிள்ளைகளைக் கேற்றுக்கு வெளியே நிறுத்தியவர், இப்போது தம்பியின் கேற்றுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேண்டுமென்றேதான் காக்க வைக்கிறான் என்று எனக்கு நிச்சயம். ஹோன் அடித்தேன். "சேர், மலையில மழையாம். இனிச் சுணங்கினா ப்ளேன் போயிரும்."

"போனாப் போகட்டும். இவன்ட வாயால ஒரு சொல்லுக் கேக்காம நான் ஏறமாட்டன்."

வேனுக்குள் அவர் மனைவி அழத் தொடங்கிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் போய் மதிலுக்கு மேலால் கத்தினேன். "மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல இவ்வளவு நேரமா? ப்ளேன் உங்கட மாமாடயா?"

கேற் திறந்தது. தலை ஈரம், அயர்ன் பண்ணிய சேட், கையில் ஒரு பேக். "என்னத்துக்கு இந்தச் சத்தம்? காக்காவ ஏத்திவிட எயார்போட் வரைக்கும் நானும் வாறன். வீட்டில உடுத்த சாரத்தோட வர ஏலுமா?" அண்ணனைப் பார்க்காமலே வேன் கதவைத் திறந்தார். "ஏறுங்க காக்கா. மன்னிப்பெல்லாம் வழியில கேக்கலாம்."

‘இந்தா வாறன்’ என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே வெளிக்கிட்ட ஒருவரை என் தொழிலில் அன்றுதான் கண்டேன்.

தேத்தண்ணிக்குக் கூட நிறுத்தாமல் ஓட்டினேன். கவுண்டர் மூட முதல் சேரும் மனைவியும் உள்ளே போய்விட்டார்கள். திரும்பி வரும்போது ஹனீபா முன் சீற்றில் இருந்தார். பாதி வழியில் தானாகவே சொன்னார்.

"மதில் கட்டக்குள்ள வந்த கோவம். கொஞ்ச நாளைக்குக் கதைக்காம இருப்பம் எண்டுதான் நினைச்சன்."

"அது எவ்வளவு நாள்?" என்றேன்.

"அப்ப என்ட மகள் பிறக்கல்ல. போன மாசம் அவள்ட கலியாணம் முடிஞ்சிது. காக்காவுக்குச் சொல்லல்ல."

செருப்புத் தேடுகிறவனுக்கெல்லாம் ஹோன் அடித்தவன் நான். அந்தக் ‘கொஞ்ச நாளு’க்கு ஊரில் ஒருவரும் ஹோன் அடிக்கவில்லை. ஆகவே பொடியன்மாரே, வாசலில் ஆள் சுணங்கினால் வெட்கப்படாமல் அடியுங்கள். ஏசுவார்கள். ஏசட்டும்.