அப்பா பேசாத படம்

மகளின் கல்யாணப் படங்களை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் அவள் கிறிஸ்துமஸ் மிட்டாய்க்குக் காய்ச்சிய கருப்பட்டிப் பாகைப் பதம் வருமுன்பே இறக்கிவிட்டாள் என்று வாசனையே சொன்னது. என் அம்மாவும் ஒருமுறை அப்படி இறக்கினாள்.

தேனிக்கு ரயில் வராத காலம். எனக்கு ஏழு வயது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அத்தைக்குக் கல்யாணம். கையோடு அவள் மாப்பிள்ளையுடன் கொழும்புக்குப் போகிறாள்; வீட்டில் தங்கப்போவது ஒரு படம்தான். அதற்காக மதுரையிலிருந்து மாட்டுவண்டியில் படக்காரரை வரவழைத்திருந்தார் அப்பா. படம் பதிய அவர் கொண்டுவந்த மூன்று கண்ணாடித் தகடுகளில் ஒன்று ஆண்டிபட்டிக் கணவாயிலேயே உடைந்துபோனது. இரண்டாவதை அப்பா கெடுத்தார். படக்காரர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, "மாப்ளே, நெஞ்ச நிமித்துங்க!" என்று அதட்ட, எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பிவிட்டன.

"இனி ஒரே தகடுதான் இருக்கு. யாரும் அசையாதீக, பேசாதீக" என்றார் படக்காரர். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா உள்ளே போய், பதம் தப்பிப் பல்லில் ஒட்டுகிறதென்று ஒதுக்கி வைத்திருந்த மிட்டாயில் பெரிதாக ஒன்றை எடுத்து வந்தாள். "ஏங்க, வாயத் தொறங்க" என்று அப்பாவின் வாயில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றாள். "இப்ப எடுங்க."

படத்தில் எல்லோரும் தெளிவாக இருக்கிறார்கள். அப்பாவின் ஒரு கன்னம் மட்டும் உப்பியிருக்கிறது.

அதைத்தான் மகளின் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டினேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பழைய படத்தப் போயி முதல்ல ஒட்டுறியே, சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாக? எடு அத. நாஞ் சொல்றபடி ஒட்டு."

நான் அடுக்களைப் பக்கம் திரும்பினேன். "ஏத்தா, அந்த மிட்டாயில பெருசா ஒண்ணு எடுத்துட்டு வா."